கோவில் பூட்டியிருந்த நாட்களில் சபை எங்கே இருந்தது?

மலையகத்தில் அட்டனிலிருந்து வேலைக்கு வந்து வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒவ்வொரு ஞாயிறும் கோவிலுக்குப் போகிறேன். பாட்டுப் பாடி, பிரசங்கம் கேட்டு, திரும்பி வருகிறேன். ஒருவரோடும் பழக்கமில்லை. ஆனால் கொழும்பு ஆட்களைக் கேட்டால், குண்டு வெடித்தபோதும் கொரோனாவிலும் சாமான் தட்டுப்பாட்டிலும் சபைதான் எங்களைத் தாங்கியது என்கிறார்கள். அப்படி என்னதான் நடந்தது? தனியாக வந்தவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறதா, இல்லை அது பழைய குடும்பங்களுக்கு மட்டும்தானா?"

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். மெதடிஸ்த சபையொன்றில் நீண்ட காலம் பொறுப்பில் இருந்திருக்கிறேன். மனைவி வீட்டார் கத்தோலிக்கர், ஆகவே அந்தப் பக்கமும் ஓரளவு தெரியும். பெந்தெகொஸ்தே சபைகளை வெளியிலிருந்து பார்த்ததுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கொழும்புக் கிறிஸ்தவர்களின் கதையில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய கஷ்டம் வரும்போதெல்லாம் முதலில் கைவிட்டுப் போவது கோவில் கட்டடம்தான். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் கோவில்களைப் பறித்தார்கள். 1983இல் ஊரடங்கு. 2019இல் பாதுகாப்புக்காகப் பூட்டினோம், 2020இல் நோய்க்காகப் பூட்டினோம். 2022இல் கதவு திறந்திருந்தது, வந்து சேர பஸ் இல்லை. அதனால் "சபை தாங்கியது" என்று யாராவது சொன்னால் ஞாயிறு ஆராதனையை நினைக்காதீர்கள். அது நடக்காத வாரங்களிலும் வேறு ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதைத்தான் அவர்கள் சொல்கிறார்கள்.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

1656இல் கொழும்பு போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்க வழிபாடு தடை. குருமாரை விரட்டினார்கள், ஒரு குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய முப்பது வருடம் பூசை வைக்க ஆளில்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கினார். அவரை இன்று எல்லாருக்கும் தெரியும். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார், இலங்கையின் முதல் புனிதர். ஆனால் அந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறு. வாஸ் வந்தபோது இங்கே கத்தோலிக்கர் மிஞ்சியிருந்தார்களே, அது எப்படி? குரு இல்லாத இடங்களில் செபத்தை விடாமல் வைத்திருந்தவர்கள் சாதாரண ஆட்கள். பிறகு வாஸும் அவரோடு உழைத்த குருமாரும் அந்தச் சாதாரண ஆட்களையே நம்பி வேலை செய்தார்கள். கோவில் காரியங்களைப் பார்க்க மூப்பர், செபமும் ஞான உபதேசமும் சொல்லிக்கொடுக்க அண்ணாவியார். சுவாமி வருடத்தில் ஒரு தடவை வந்தாலே பெரிய விஷயம். மற்ற நாளெல்லாம் இவர்கள்தான்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலின் தொடக்கமும் அந்தக் காலத்தோடு சேர்ந்ததுதான். கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவை ஒல்லாந்தர் துரத்த, முகத்துவாரத்து மீனவர்கள் அவரை ஒளித்து வைத்தார்கள் என்றும், கடல் அரித்துக்கொண்டு வந்த கரையில் அவர் சிலுவை நட்டுச் செபித்ததும் மணல் திட்டு எழும்பியது என்றும் சொல்வார்கள். கதையை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போய்ப் பாருங்கள்: மெழுகுதிரி கொளுத்த நிற்பவர்களில் இந்துக்களும் பௌத்தர்களும் எத்தனை பேர் என்று.

எங்கள் மெதடிஸ்தர் பக்கத்துக் கதை இன்னும் சாதாரணமானது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மண்டபம் கட்டிய கடனை அடைக்க ஒரு வழி பார்த்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர். அவர் வாரம் ஒரு தடவை வீடு வீடாகப் போய் ஆளுக்கு ஒரு பென்னி வாங்க வேண்டும். காசு வாங்கப் போனவர்கள், இந்த வீட்டில் குடி, அந்த வீட்டில் நோய், மற்ற வீட்டில் அடுப்பே எரியவில்லை என்று வந்து சொன்னார்கள். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி உடனே பிடித்துக்கொண்டார்: காசைவிட இந்தப் போய்வருவதுதான் முக்கியம் என்று. கடன் தீர்ந்த பிறகும் அந்த ஏற்பாடு நின்றது. அதுதான் வகுப்புக் கூட்டம். 1814இல் மெதடிஸ்த மிஷனரிகள் இலங்கைக்கு வந்தபோது இதுவும் கூடவே வந்தது. 1816இல் புறக்கோட்டையில் கட்டிய கோவில்தான் ஆசியாவிலேயே முதல் மெதடிஸ்த ஆலயம் என்பார்கள்.

இன்று பெயர் இடத்துக்கு இடம் மாறும். கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த வட்டாரங்களில், அன்பியம். அதோடு இருவர் இருவராக வீடு சந்திக்கும் புனித வின்சென்ட் தே பவுல் சபையும் உண்டு. எங்களிடம் வகுப்பு. மற்றவர்களிடம் வீட்டு ஜெபக்கூட்டம், செல் குரூப். ஒரு வீதி அல்லது ஒரு தொடர்மாடி, பத்துப் பன்னிரண்டு வீடுகள், மாதத்தில் ஒரு மாலை, ஒரு பிளேன்ரீ, இரண்டு பாட்டு, ஒரு ஜெபம். பார்க்க ஒன்றுமில்லாத விஷயம். பிரசங்கமும் பெரும்பாலும் சுமார்தான். சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

1983 ஜூலையில் நான் சிறுவன். தமிழருக்கு எதிரான வன்முறை 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கியது, மறுநாள் திங்கட்கிழமை கொழும்பு முழுவதும் எரிந்தது. கையில் பட்டியலோடு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம், இரத்மலானை விமானத் தளம், பாடசாலைகள், கோவில்கள் எல்லாம் அகதி முகாம். அங்கிருந்து 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். எங்களைப் பின்மதில் வழியாகத் தன் வீட்டுக்கு எடுத்தவர் எங்கள் சபையின் சிங்கள அன்ரி ஒருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை நாங்கள் கண்டதே குறைவு. அவர்களுக்கு ஒரு நேரம் ஆராதனை, எங்களுக்கு இன்னொரு நேரம். அம்மாவுக்கு அவரைத் தெரிந்தது மாதர் சங்கத்தில், நத்தார் கேக்குக்கு முந்திரிப்பருப்பு வெட்டும்போது. அந்தப் பழக்கம்தான் மதிலில் ஏணி வைத்தது. அதே சபையில் அன்று கதவைத் திறக்காதவர்களும் இருந்தார்கள். பிறகு பல வருடம் அவர்களும் நாங்களும் ஒரே கோவிலுக்குப் போனோம். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, இன்றுவரை.

யுத்த காலத்தில் கொழும்பில் இருந்த தமிழருக்குப் பொலிஸ் பதிவு, சுற்றிவளைப்பு, "எதற்காக வந்தீர்கள்" என்ற கேள்வி. வடக்குக் கிழக்கிலிருந்து வந்து லொட்ஜில் தங்கிய பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால், பொலிஸ் நிலையத்துக்குப் போய் "இவர் எங்கள் சபைப் பிள்ளை" என்று சொல்ல ஒரு ஃபாதரோ போதகரோ வேண்டும். அவர் அப்படிச் சொல்வதற்கு முதல், அந்தப் பிள்ளை யாரென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. யாராவது ஒரு அக்கா கூட்டத்துக்கு அழைத்து வந்து அறிமுகம் செய்திருந்தால் தெரியும். 2007 ஜூன் 7இல் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அந்த நாட்களில், யார் எந்த அறையில் இருக்கிறார் என்று தெரிந்து வைத்திருப்பது சபைக்கு அவசர வேலையாகிவிட்டது.

இப்போது நீங்கள் முக்கியமாகக் கேட்ட 2019.

ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை 8.45 அளவில் கொச்சிக்கடையில் குண்டு வெடித்தது. அதே காலையில் நீர்கொழும்பு கட்டுவப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள். 250க்கும் மேற்பட்ட உயிர்கள். சீயோனில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகள். கொச்சிக்கடையில் இறந்தவர்களில் பலர் வடகொழும்புத் தமிழ்க் குடும்பங்கள், எங்கள் பக்கத்து ஆட்கள். அடுத்த ஞாயிறு பூசை இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் வைத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். கொச்சிக்கடைக் கோவிலைத் திரும்பவும் அபிஷேகம் செய்து திறந்தது ஜூன் 12, அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள்.

அந்த இடைப்பட்ட வாரங்களில் என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் சில்லறை வேலைகள். ஒரே நாளில் ஒரே வீதியில் இரண்டு மூன்று செத்த வீடு. வழமையாக ஒரு வீட்டுக்கு நாற்காலி கொடுப்பவர், சமைப்பவர், பந்தல் கட்டுபவர் என்று அயல் முழுவதும் வந்து நிற்கும். இங்கே அயல் முழுவதும் செத்த வீடு. அதனால் மட்டக்குளியிலிருந்தும் வத்தளையிலிருந்தும் வேறு அன்பியங்கள் வந்து சமையலை எடுத்துக்கொண்டன. தேசிய வைத்தியசாலையில் காயப்பட்டவர்களோடு இரவில் நிற்க முறை போட்டார்கள். அதில் சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் ஒருவராவது ஒவ்வொரு முறையிலும் இருக்கப் பார்த்தார்கள். வார்டில் எழுதும் பத்திரமும் நர்ஸ் சொல்வதும் சிங்களத்தில், படுத்திருப்பவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். மறைமாவட்டத்தின் சமூக சேவை நிலையமான சேத்சரண பெரிய உதவிகளைச் செய்தது, நட்ட ஈடு, பிள்ளைகளின் படிப்பு என்று. ஆனால் எந்த வீட்டில் என்ன தேவை என்று அவர்களுக்கும் யாராவது கீழேயிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கதவு கொஞ்சம் பலமாகச் சாத்தினாலே சின்னவன் மேசைக்குக் கீழே போய்விடுவான். கோவில் என்று சொன்னால் அழுகை. அந்த வீதி அன்பியம், மாதக் கூட்டத்தைப் பிறகு பல மாதம் அந்த வீட்டிலேயே வைத்தது. செபமாலை ஒரு கால் மணி நேரம் நடக்கும். மிச்ச நேரம் பெரிய ஆட்கள் நாலு பேர் அவனோடு கரம் போர்ட் விளையாடுவார்கள், அதுவும் தோற்பதற்காகவே விளையாடுவார்கள். அவனுக்கு அது விளங்கி, "அங்கிள், ஒழுங்காக அடியுங்கள்" என்று ஏசுவான். அவன் கோவிலுக்குள் திரும்பப் போனது எப்போது, எப்படி என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மெதுவாகப் போனான், அவ்வளவுதான்.

துக்க வீட்டில் பேசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நாங்கள் அதிகம் பிழை விடுகிறோம். "கர்த்தருடைய சித்தம்", "நல்ல நாளில் போயிருக்கிறார்கள்", "மன்னித்துவிடுங்கள்" என்றெல்லாம் பெட்டி மூடுமுன்பே சொல்பவர்கள் வந்தார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற அவதி. வேதத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையில் நண்பர்கள் மூன்று பேர் வந்து ஏழு நாள் ஏழு இரவு ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு இருந்தார்கள். அவர்கள் செய்ததில் சரியான காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகு அவனையே குற்றம் சொன்னார்கள். விசுவாசம் என்று நான் கொழும்பில் கண்டது பெரும்பாலும் இந்த உட்கார்ந்திருப்பதைத்தான். "ஏன் ஆண்டவரே" என்று சத்தம் போட்டவர்களை ஒருவரும் அடக்காத வீடுகளில், அதே ஆட்கள் ஒரு வருடம் கழித்துத் திரும்பவும் ஜெபித்ததைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் அழகாக இருந்தது என்று நினைக்காதீர்கள். குண்டு வைத்தது முஸ்லிம் தீவிரவாதிகள் என்றதும், முஸ்லிம் கடைகளில் சாமான் வாங்கக் கூடாது என்ற பேச்சு ஜெபக் கூட்டங்களிலேயே வந்தது. கர்தினால் அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொண்டேயிருந்தார். மே மாதம் மினுவாங்கொடையிலும் வடமேல் மாகாணத்திலும் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிகளையும் உடைத்தபோது அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று சிலருக்கு விளங்கியது, சிலருக்கு விளங்கவில்லை. நீதிக்கான காத்திருப்பும் இன்னும் முடியவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்ட ஈடு கட்ட வேண்டும் என்றது. வீடுகளில் கேட்டால், காசைவிட யார் செய்தது, யாருக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தான் கேட்கிறார்கள்.

இன்னொன்று, இது உங்களைப் போன்றவர்களைப் பாதித்தது. கோவில்கள் திறந்தபோது வாசலில் பை சோதனை, அடையாள அட்டை. கேற்றில் நின்றவர்கள் பெரும்பாலும் பங்கு இளைஞர்கள்தான். புதிய முகம் வந்தால் "நீங்கள் எந்த வீடு? யாரைத் தெரியும்?" தெரிந்த பெயர் ஒன்றைச் சொல்ல முடியாதவர் வெளியே நிற்க வேண்டியதுதான். பயத்தில் செய்தார்கள், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பழக்கம் சில இடங்களில் பயம் போன பிறகும் போகவில்லை. நீங்கள் போய்வரும் கோவிலில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை என்றால் அது உங்களில் உள்ள குறையாக இருக்க வேண்டியதில்லை.

கொரோனாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020 மார்ச் 20 ஊரடங்கு, ஏப்ரல் 12 உயிர்த்த ஞாயிறு வீட்டுக்குள். பெரிய சபைகள் யூடியூபில் ஆராதனை வைத்தன, நன்றாகவும் வைத்தன. ஆனால் கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கும் எழுபது வயது அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அவருக்கு ஒவ்வொரு நாளும் ஒருவர் அழைத்து ஒரு சங்கீதம் வாசித்து, மருந்து இருக்கிறதா என்று கேட்டார். அடக்கம் செய்யவும் விடவில்லை. 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்தார்கள். அதிகம் துடித்தவர்கள் முஸ்லிம்கள். கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்தன, அதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

2022 வேறு மாதிரி. இதில் குண்டு இல்லை, ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் கஷ்டப்பட்டோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. ஏப்ரல் 12இல் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்தது. 2,675 ரூபாவாக இருந்த 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் ஒரே தடவையில் 4,860 ஆனது, அதுவும் கிடைத்தால். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர எரிபொருள் இல்லை என்றார்கள். செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்துக்குப் பக்கம். தொடர்மாடியில் இருப்பவர் விறகு எங்கே எரிப்பது?

எங்கள் சபையின் பின்வளவில் ஒரு கல்யாணச் சமையல் அடுப்பு இருந்தது. பெரிய கிடாரம் இரண்டு. மாதர் சங்கத்து அக்காமார் புதன்கிழமைகளில் பருப்பும் சோறும் ஒரு மரக்கறியும் சமைத்தார்கள், ஆளுக்கொரு பார்சல். ராஜகிரியவில் ஒரு சபையில் தொடங்கிய சமூக சமையலறை இதைவிடப் பல மடங்கு பெரிது, பல இடங்களுக்கும் பரவியது. எங்களுடையது சின்ன முயற்சி. விறகு யாரோ உடைத்த ஒரு பழைய வீட்டின் கூரைத் தடி. அதில் பெயின்ற் இருந்ததால் புகை தாங்க முடியவில்லை, பக்கத்து வீட்டுச் சிங்கள ஐயா ஏசிக்கொண்டே வந்தார். வந்தவர் கிடாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார், மறுவாரம் ஒரு மூட்டை தேங்காய் மட்டை அனுப்பினார்.

பார்சல் கொடுப்பதில்தான் சிக்கல். முதல் வாரம் வரிசை வைத்தோம். வந்தவர்கள் தெருவில் இருப்பவர்களும் பக்கத்துத் தோட்டத்து, அதாவது நெருக்கமான சின்ன வீடுகளின், ஆட்களும். அது சரிதான், அவர்களுக்கும் பசி. ஆனால் சபைக்குள்ளே வேலை போன குடும்பங்கள் ஒன்றும் வரவில்லை. நேற்றுவரை காணிக்கைத் தட்டில் காசு போட்டவர் இன்று எப்படிப் பார்சல் வரிசையில் நிற்பார்? வகுப்புத் தலைவர்களுக்குத்தான் வழி தெரிந்தது. ஒருவர் சொன்னார்: "நான் வீட்டுக்குப் போய், 'அக்கா, சமைத்தது மிஞ்சிப்போச்சு, பழுதாகுது, இரண்டு எடுங்கோ' என்று கொடுக்கிறேன்." மிஞ்சவில்லை என்று இருவருக்கும் தெரியும். அரிசி, பருப்பு, சீனி, தேயிலை போட்ட உலர் உணவுப் பொதியையும் அப்படித்தான் இருட்டிய பிறகு கொண்டுபோய்க் கொடுத்தோம். கரண்ட் இல்லாதது அதற்கு மட்டும் வசதி.

இதே காலத்தில் வேறு சில இடங்களில் பொதி கொடுக்கும்போது படம் எடுத்துப் போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது காரணம். கணக்குக் காட்டலாம், பில்லை அனுப்பலாம். வாங்குபவரின் முகத்தை எதற்கு அனுப்புவது? என் கருத்தில் இது கொழும்புச் சபைகள் உடனே விட வேண்டிய பழக்கம்.

இன்னொரு குறை, மொழி. தமிழ் ஆராதனை ஒரு நேரம், சிங்களம் ஒரு நேரம், ஆங்கிலம் ஒரு நேரம். ஒருவர் வெளியே வர மற்றவர் உள்ளே போவார். ஒரே பங்கு, ஒரே சபை என்று சொல்லிக்கொள்கிறோம். உதவி பிரிக்கும்போது "அவர்களுக்குக் கூடப் போனது" என்ற முணுமுணுப்பு இரண்டு பக்கமும் வரும். இது புதிதல்ல. எருசலேமின் முதல் சபையிலேயே, கிரேக்கம் பேசும் விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் சரியாகக் கிடைக்கவில்லை என்று முறைப்பாடு வந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். பந்தியைப் பார்க்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள், ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர். முறைப்பாடு செய்த பக்கத்திடமே சாவியைக் கொடுத்தார்கள். 2022இல் எங்கள் பட்டியலை எழுதும் பொறுப்பை ஒரு சிங்கள ஆளும் ஒரு தமிழ் ஆளும் சேர்ந்து எடுத்த பிறகு முணுமுணுப்புக் குறைந்தது. முழுதாக நின்றது என்று சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தனியாக வந்தவருக்கு இடம் உண்டா?

உண்டு, ஆனால் ஞாயிறு வாங்கிலில் இருந்து அது கிடைக்காது. பத்து வருடம் ஒரே இடத்தில் இருந்தாலும் கிடைக்காது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கத்தோலிக்க, மெதடிஸ்த, அங்கிலிக்கன் கோவில்கள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. நீங்கள் எதற்குப் போகிறீர்களோ அங்கேயே தொடங்கலாம், மாற வேண்டியதில்லை. ஆராதனை முடிந்து ஃபாதரிடமோ போதகரிடமோ "சுகமா" என்று கைகொடுத்துவிட்டு வராமல், நேராகக் கேளுங்கள்: "நான் இன்ன வீதியில் இருக்கிறேன், அந்தப் பக்கம் அன்பியம் அல்லது வீட்டுக்கூட்டம் யார் நடத்துகிறார்?" அவருக்கு உடனே ஒரு பெயர் வாயில் வந்தால் அந்தச் சபையில் ஏதோ உயிரோடு இருக்கிறது. "ஒஃபிஸில் கேளுங்கள்" என்றால் ஒஃபிஸிலும் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

கூட்டத்துக்குப் போனால் முதல் இரண்டு மூன்று தடவை சங்கடமாகத்தான் இருக்கும். எல்லாரும் ஒருவருக்கொருவர் மச்சான் முறை. உங்களிடம் ஊர் எது, அப்பா யார், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பார்கள். மலையகம் என்று சொன்னதும் சிலரின் முகம் மாறுவதையும் காண்பீர்கள். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்புக்காரர், மலையகத்தார் என்ற கணக்கு சபைக்குள்ளும் இருக்கிறது, இல்லை என்று நான் மறைக்கப் போவதில்லை. அதை உடைப்பது பேச்சல்ல, வேலை. உங்களால் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குச் சிங்களம் நன்றாக வரும் என்றால், வைத்தியசாலைக்குப் போகும் வயதானவர்களோடு கூடப் போக ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் களனி கங்கை பெருகியபோது, சேற்றை வாரவும் பத்திரம் நிரப்பவும் வந்து நின்ற பிள்ளைகளில் போர்டிங்கில் இருப்பவர்கள் நிறையப் பேர். இப்போது அவர்களை ஒருவரும் "எந்த வீடு" என்று கேட்பதில்லை.

சில இடங்களில் கவனம் தேவை. போன முதல் மாதமே தசமபாகக் கணக்கு (வருமானத்தில் பத்தில் ஒன்று) கேட்பவர்கள், வேலை போனதற்குக் காரணம் உங்கள் விசுவாசக் குறைவு என்பவர்கள், மருந்தை நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் நம்பு என்பவர்கள், வீட்டாரோடு பேச வேண்டாம் என்பவர்கள். இது எந்தப் பெயர்ப் பலகையின் கீழும் நடக்கலாம். இப்படி ஒன்று கண்டால் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், வந்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் கேள்வியின் அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: நம்பிக்கை பெரிதாக இல்லாமல், துணைக்காக மட்டும் போவது சரியா என்று. போகலாம். அன்பியங்களிலும் வகுப்புகளிலும் பாதிப் பேர் அப்படித்தான் வந்தார்கள், சிலர் இன்னும் அப்படித்தான் இருக்கிறார்கள், ஒருவரும் பரீட்சை வைப்பதில்லை. ஜெபம் வரும்போது கண்ணை மூடத் தோன்றாவிட்டால் தலையைக் குனிந்துகொண்டால் போதும். வீட்டுக்காரர் தேநீரோடு கொண்டுவரும் ரோல்ஸை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், அதைத்தான் மனதில் வைத்துக்கொள்வார்கள்.